செருப்போடு உள்ளே வரவும்

என் மனைவி அனுசியா குற்றாலத்தில் போலீஸ் ஏட்டு. சீசன் வந்துவிட்டால் மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் அவளுக்குத்தான் டூட்டி. தண்ணீர் திடீரென்று கூடினால் விசில் அடித்து, ஒரு சத்தம் போட்டு, அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்துவிடுவாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

இந்த வருடம் சாரல் தொடங்கும் முன்பே அவளால் நிற்க முடியவில்லை. இடது கால் பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் சாய்ந்து, பக்கத்து விரலைத் தள்ளிக்கொண்டு நின்றது. உரசிய இடத்தில் கால் ஆணி வேறு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். அவள் நொண்டுவதை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். சீசன் முடியும்வரை ஸ்டேஷனிலேயே எழுத்து வேலை பாருங்கள், அதற்குள் காலைக் காட்டிச் சரி செய்தால் பார்க்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

"ஃபேனுக்கு அடியில ஒக்காரதுக்கா நான் போலீசுக்கு வந்தேன்?"

டாக்டர் தேட ஆரம்பித்தோம். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, உடனே ஆப்பரேசன் என்றார். காலை ஒரு தடவை கூடத் தொடவில்லை. ஆப்பரேசன் என்றால் சீசன் முழுக்க வீட்டில்தான்.

அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடும் செல்லச்சாமி அண்ணாச்சி வேறு வழி சொன்னார்.

"ஏட்டம்மா, ஒரே இழு. விரல் நேரா நிக்கும். கொஞ்சம் கத்துவிய, அம்புட்டுத்தான்."

"நான் கத்துனா அருவியில நிக்கவ பூரா வெளிய வந்துருவாவ அண்ணாச்சி. ஆள விடுங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள் அனுசியா.

கடைசியில், கூட வேலை பார்க்கும் வேல்விழிதான் தென்காசியில் டாக்டர் ஆசியா இருப்பதைச் சொன்னாள். "கால் மட்டுந்தான் பாக்காவ, யக்கா. எங்க அம்மைக்கு சுகர் புண்ணு அங்கன காட்டித்தான் ஆறுச்சு."

டூட்டி முடிந்ததும் அனுசியா சேலை மாற்றி, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். கிளினிக் தரைத்தளத்தில் இருந்தது. கால் டாக்டரைப் பார்க்க மாடிப்படி ஏற வேண்டாம் என்பதே எனக்குப் பிடித்துவிட்டது. வாசலில் ஒரு போர்டு, அதன் அடியில் செருப்புக் குவியல். நாங்களும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனோம்.

டாக்டர் அம்மா தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அனுசியாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நாடி பார்த்தார், ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார், சுகர் உண்டா என்று கேட்டார். பிறகு, "செருப்பு எங்க?" என்றார்.

"வெளிய விட்டுட்டு வந்தேன் மேடம்."

"போலீசே போர்ட வாசிக்கலைன்னா ஊர நான் என்ன சொல்ல?"

எட்டிப் பார்த்தோம். 'செருப்போடு உள்ளே வரவும்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டைப் பார்த்தாலே நமக்கெல்லாம் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடுகிறது.

டாக்டரே எழுந்து வந்து, அனுசியா காட்டிய செருப்பைக் கையில் எடுத்தார்.

"ஐயோ மேடம், கையால தொடாதிய!"

"இதத் தொடாம காலுக்கு என்ன வைத்தியம் பாக்க?" திருப்பிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரிக்குன்னு போட்டுட்டு வந்தது. தேயவே இல்ல. டூட்டிக்கு எதப் போடுதிய?"

டூட்டி ஷூ வண்டிப் பெட்டியில் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். சாரலில் நனைந்து நாறியது. டாக்டர் முகம் சுளிக்காமல் உள்ளே கையை விட்டுத் தடவினார். அனுசியாவை ஒரு தாளின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டின் மேல் ஷூவை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு ஷூவுக்கு வெளியே நின்றது.

"என்ன நம்பர் இது?"

"ஆறு மேடம். டிரெயினிங்ல சேரும்போது அளவெடுத்தாவ."

"அதுக்கப்புறம் எடுக்கலையா?"

அனுசியா ஷூவையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போது ஷூ வாங்கினாலும் கடையில் 'ஆறு' என்று சொல்லித்தான் வாங்குவாள். எனக்கும் அது தோன்றியதே இல்லை.

"ரெண்டு பிள்ள பெத்தாச்சு, ஏட்டாவும் ஆயாச்சு. கால் மட்டும் டிரெயினிங்லயே நிக்குமா?"

அனுசியா சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

டாக்டர் பொய் நம்பிக்கை தரவில்லை. புடைத்த எலும்பு எண்ணெய் போட்டு இழுத்தாலும் உள்ளே போகாது, ஷூ மாற்றினாலும் விரல் நேராகாது, ஆனால் வலி குறையும், நிற்கலாம் என்றார். விரல் பக்கம் அகலமான ஷூ, நடுவில் மெத்தை, நனைந்தால் மாற்ற உலர்ந்த சாக்ஸ், விரலுக்குப் பயிற்சி. ஆணியைத் தானே பக்குவமாகச் சீவிவிட்டார். "இதுக்கும் வலி அடங்கலைன்னா நானே ஆப்பரேசனுக்கு அனுப்புவேன். யார்ட்ட போகணும்னும் சொல்லுவேன்" என்றார்.

அன்றே முடிவு செய்துவிட்டோம், இவர்தான் எங்கள் டாக்டர்.

போலீஸ் ஷூவின் அதே நிறத்தில் அகலமான ஷூ தென்காசியில் கிடைக்கவில்லை, தைக்கக் கொடுத்தோம். புது ஷூ போட்டு ஸ்டேஷன் வாசலில் நொண்டாமல் நடந்து காட்டிய பிறகு இன்ஸ்பெக்டர் சரி என்றார். மிச்ச சீசன் முழுக்க அருவியில் நின்றாள். வலி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது ஊர்க்கதை பேசுகிறாள், அது போதும்.

போன வாரம் மறுபடி காட்டப் போனோம். வாசலில் அதே குவியல். ஒரு அம்மா நொண்டிக்கொண்டே செருப்பைக் கழற்றக் குனிந்தார். அனுசியா விட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

"ஆச்சி, கழட்டாதிய! எல்லாரும் போர்டப் பாருங்க! அவங்கவங்க செருப்ப மாட்டிட்டு உள்ள வாங்க!"

காத்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடியது. உள்ளேயிருந்து டாக்டர் சிரிப்பது கேட்டது.

"ஏங்க," என்று என் பக்கம் திரும்பினாள். "உங்களத்தான்."

குனிந்து பார்த்தேன். வெறுங்காலோடு நின்றிருந்தேன்.