பஸ் எங்கே நிற்க வேண்டும்

அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், தையலக்காவின் முகமே மாறிவிடும். "அதெல்லாம் ஒரு காலம்" என்று ஆரம்பித்தால் எளிதில் நிறுத்தமாட்டாள். இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. வேறு ஊரில், மகன் வீட்டில் இருக்கிறாள். மனசு மட்டும் அந்தப் பழைய குடியிருப்பின் மூன்றாவது பிளாக்கிலேயே தங்கிவிட்டது.

அப்போது அவளுக்கு நாற்பது. கணவர் லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஜன்னலோரம் தையல் மெஷின். அளவு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது, கேட் எதிரே நின்ற பஸ் இனி அங்கே நிற்காது, வேறு இடம் சொல்லுங்கள் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. குடியிருப்போர் சங்கக் கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரிடமும் சொந்த வண்டி. தலைவரின் ஹார்ட்வேர் கடை இருந்த முனை என்று பத்தே நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அங்கிருந்து வீடு திரும்ப, பூட்டிக் கிடந்த கிடங்கின் நீளச் சுவரோரமாக நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே கும்மிருட்டு.

முதலில் கொதித்தவள் பென்சில்தான். மாடியில் இருந்த நர்ஸின் மகள். பதினேழு வயசு, ஒல்லிக்குச்சி உடம்பு, அதனால் அந்தப் பெயர். யூனிஃபார்மின் மடிப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்தவள், வந்த வேலையை மறந்துவிட்டாள்.

"அக்கா, பஸ்ல போறது யாரு, எடத்த முடிவு பண்றது யாரு?"

"போய்க் கேளேன்."

"நான் மட்டும் கேட்டா யார் காதுல ஏறும்? வாங்க, சேர்ந்தே போவோம்."

அதுவரை கூட்டத்தில் பெண்கள் கதவோரம் நிற்பார்கள், அவ்வளவுதான். அன்று தையலக்கா உள்ளே போய்ப் பேச எழுந்தாள். தலைவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஆளாகக் காரை எடுத்துக்கொண்டு வருகிற மனுஷர். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"வீட்டுக்காரர் வரட்டும் தங்கச்சி. அவர்கிட்ட பேசிக்கறோம்."

"அவர் பஸ்ல போறதில்லண்ணே. நான்தான் போறேன்."

கதவோரத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. தலைவர் பென்சில் பக்கம் திரும்பினார். "நீ போய்ப் படிம்மா. இதெல்லாம் பெரியவங்க விஷயம்."

பென்சில் படிக்கப் போகவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் நோட்டோடு கேட்டில் நின்று, பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களைக் குறித்துக்கொண்டாள். நூற்றுக்கு எண்பது பேர் பெண்களும் படிக்கிற பிள்ளைகளும்தான். தையலக்காவோ கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். டேப்பைப் பார்த்தால் எந்த வீட்டு ஆம்பளையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை! வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றுதான் சங்க விதியில் இருந்தது. அதை ஆண்தான் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதைப் படித்துக் காட்டியதும் பென்சில்தான்.

கடை முனையா, மருந்துக்கடை வாசலா என்று ஓட்டெடுப்பு நடந்தது. நாலு ஓட்டில் தோற்றார்கள். கையைத் தூக்குமுன் கணவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம்.

"நாலுதானே அக்கா?" என்றாள் பென்சில், ஏதோ ஜெயித்துவிட்டது போல.

பஸ் கடை முனைக்குப் போனது. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரோரம் நடந்த பிறகு யாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த தேர்தலில் கமிட்டிக்கு மூன்று பெண்கள் வந்தார்கள், தையலக்கா உட்பட. பஸ், ஆள் நடமாட்டமும் விளக்கும் இருந்த மருந்துக்கடை வாசலுக்கு வந்தது. பழைய தலைவரே முன்னால் நின்று நிழற்குடைக்குத் தகரம் ஏற்பாடு செய்தார்.

மறுவருஷம் தையலக்காவே தலைவி. இருபத்தைந்து வயசுக்குட்பட்டவர்களுக்குக் கமிட்டியில் இரண்டு இடம் வேண்டும் என்று பென்சில் வந்து கேட்டாள். தையலக்கா கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மொதல்ல படிப்ப முடி. இதெல்லாம் பெரியவங்க விஷயம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பென்சில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ஒரு தையலும் நேராக வரவில்லை. சாயங்காலம் நாலு மாடி ஏறி, மூச்சிரைக்க நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நானும் அவராட்டமே பேசிட்டேன்டி."

"ஆமாக்கா. குரல் கூட அப்படியே இருந்துச்சு" என்றாள் பென்சில். அப்புறம் இரண்டு பேருக்குமே சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டு இடமும் கிடைத்தன. முதல் கூட்டத்திலேயே, மொட்டைமாடியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று தையலக்கா கொண்டுவந்த யோசனையைப் பென்சில் எதிர்த்தாள். பிள்ளைகள் படிக்க வேறு இடம் எங்கே என்று கேட்டு, ஓட்டிலும் ஜெயித்தாள். "தோத்துட்டு அன்னிக்கு மாதிரி நான் சந்தோஷப்பட்டதே இல்ல" என்பாள் தையலக்கா.

மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. இங்கேயும் சங்கம் இருக்கிறது. எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. அவளுக்கு ஏக்கமெல்லாம் வேறு. அங்கே கூட்டம் கலைந்ததும் பெண்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அடுப்பில் வேலை கிடக்கிறது என்று பத்துத் தடவை சொல்வார்கள், ஒருத்தியும் நகரமாட்டாள்.