பாடி வேண்டாம்

ரசூலைச் சவுதியின் தம்மாமிலிருந்து விருத்தாசலம் கொண்டுவந்து சேர்க்க இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றான் ஏஜெண்டு அன்புச்செல்வன். உயிரோடு வந்திருந்தால் இருபதாயிரத்தில் ஜன்னலோர சீட்டே கிடைத்திருக்கும்.

ரசூல், ஜியாவுதீனின் தம்பி. நாற்பத்தொரு வருஷம் அந்தப் பெயரோடு இருந்தவன், திங்கட்கிழமை விடியலில் நெஞ்சு வலித்து விழுந்ததும் பெயரை இழந்துவிட்டான். "பாடி எப்ப வருது பாய்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "பாடி ஃப்ரீசர்ல இருக்குது" என்று அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் போனில் சொன்னான். ஜியாவுதீனுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"அவருக்குப் பேரு இல்லையா பெரிய மச்சான்?" என்றாள் ரசூலின் மனைவி சமீரா, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா அறையின் திரைக்குப் பின்னாலிருந்து. "மையத்துன்னாவது சொல்லுங்க. எத்தினி செலவானாலும் கொண்டாந்துடுங்க. நாலு வருஷமா போன்லயே பாத்த மொகம். ஒரு தரம் நேர்ல பாத்துக்கறேன்."

கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் திரைக்கு அடியில் தள்ளினாள். ஜியாவுதீன் அதைத் தொடவில்லை. பணம் அவரிடமே இருந்தது. ஆனால் ஜங்ஷன் ரோட்டில் முப்பது வருஷமாகப் பீங்கான் கடை வைத்திருப்பவர். ஒரு ஊறுகாய் ஜாடியைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. ரசூல் என்று சொல்லிப் பேரம் பேச நாக்கு எழும்பாது. பாடி என்றதும் எழும்பியது.

"ஒண்ணு எம்பதுக்கு முடிங்க தம்பி" என்றார் அன்புச்செல்வனிடம், போனில்.

"மரப்பெட்டி, மருந்து, கார்கோ, இதுல எனக்கு என்ன நிக்குது பாய்?"

"பாடி என்ன சோறு தண்ணியா கேக்கப்போவுது?"

"ரெண்டு இருவது. அதுக்குக் கீழ ஆவாது. இல்லன்னா அங்கயே அடக்கம் பண்ணிடலாம். கொண்டாரதுக்கு ஒண்ணு, அடக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேப்பர்லயும் அவங்க வூட்டம்மா கையெழுத்து மொதல்லயே வாங்கி வச்சிருக்குது. எதுன்னு ஒரு மெசேஜ் போடுங்க."

வேண்டாமென்று கடையை விட்டு இறங்கிப் பத்தடி நடந்தால் வியாபாரி கைதட்டிக் கூப்பிடுவான். ஜியாவுதீன் அறிந்த உலகம் அது. 'பாடி வேண்டாம்' என்று அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய் வந்தார். சனிக்கிழமை இரண்டு டஜன் கப் விற்றார். முதலில் கூப்பிடுகிறவன்தான் இறங்கிப்போகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே இறங்கிப்போனார். "சரி தம்பி, ரெண்டு இருவதே இருக்கட்டும்."

"என்ன பாய்... நீங்கதான வேணாம்னீங்க? நேத்து சாயங்காலம் அஸர் தொழுகைக்கே அடக்கம் பண்ணிட்டாங்களே."

வீட்டுக்கு வந்து சொன்னபோது சமீரா அழவில்லை. "யாரு வேணாம்னது?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ரசூலின் சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. ஜியாவுதீன் லிஸ்டைப் படித்துப் படித்து எடுத்து வைத்தார். சட்டை நாலு. லுங்கி மூன்று. செல்போன் ஒன்று. தைலம் அரை பாட்டில்.

"எல்லாம் சரியா இருக்குது. வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா."

"ஒரு ஆளு கொறையுது பெரிய மச்சான்."