தட்டிப் பார்த்த குண்டு

1944 குளிர்காலம். ஷெஃபீல்டு வார்ப்பாலையில் பத்து டன் குண்டின் இரும்புக் கூடு ஆறியதும், அதனுள்ளே புகுந்து ஒட்டிய மணலைச் சுரண்டுவது எடித்தின் வேலை. ஆள் குட்டை என்பதால் கிடைத்த பதவி. அந்தக் குளிரில் கதகதப்பாகச் சாய அதைவிட நல்ல இடமும் ஆலையில் கிடையாது. அன்றும் சுற்றிலும் சாக்குகளை அடைத்துக்கொண்டு, உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே 'டொப்' என்றது. லண்டன் அதிகாரி பெல்லாமி! சுத்தியலால் தட்டி, காதாலேயே சோதிக்கிறவர். நல்ல வார்ப்பென்றால் மாதாகோவில் மணிபோல ஒலிக்க வேண்டும் அவருக்கு.

"சத்தமே செத்துக் கெடக்கு. உள்ள விரிசல். உடைச்சு உருக்குங்க."

"ரெண்டு வாரப் பாடு சார்!" என்று மேஸ்திரி ஆல்ஃப் அலறினார்.

"என் காது பொய் சொல்லாதுய்யா."

எடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரி அப்பிய முகமும், ஒரு கையில் சாக்குகளும், மறுகையில் டீக்குவளையுமாகக் கூட்டின் பின்வாய் வழியே ஊர்ந்து வெளியே வந்தாள். பெல்லாமி இரண்டடி பின்வாங்கினார்.

"விரிசல் எறங்கி வந்திருச்சு சார்," என்றாள். "இப்பத் தட்டுங்க."