பௌங்கிடுச்சு

"யாருடி திருடி? யாரைப் பார்த்துத் திருடின்னு எழுதியிருக்கான்?"

திங்கட்கிழமையிலிருந்து புள்ளியக்கா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. நாத்தனாரும் ஒன்பது தடவை பதில் சொல்லிவிட்டாள். இது பத்தாவது.

"திருடின்னு எழுதல அண்ணி. 'உரிமை மீறல்'னு எழுதியிருக்காங்க."

"செருப்பைப் பட்டுத்துணியில சுத்தி அடிச்சா வலிக்காதா?"

தர நிர்ணயக் குழுவின் அறைக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பொதுமக்கள் கருத்து கேட்பு, பிற்பகல் மூன்று மணி, ஒருவருக்கு ஐந்து நிமிடம்.' வந்த வேகத்தில் புள்ளியக்கா சிவப்புப் பேனாவை எடுத்து 'கருத்து'க்கும் 'கேட்பு'க்கும் நடுவே ஒரு 'க்' போட்டிருந்தாள். இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். எழுத்தின் தலையில் புள்ளி இல்லையென்றால் அடுத்த மேசையிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் வந்த பெயர்தான் புள்ளியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நாத்தனார் அவள் கணவனின் தங்கை. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கணினி நிரல் எழுதுகிறவள். பேசினால் சத்தம் வராது, தட்டச்சு செய்தால் வீடே அதிரும்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான் 'ஒட்டடைக்கம்பு'. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை இன்றைய கணினிகள் படிக்கும்படி மாற்றித் தரும் நிரல். மூலையில் கிடக்கிற பழசைத் தட்டிச் சுத்தம் செய்வதால் அந்தப் பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை இரண்டே இரண்டு: எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், மாற்றியதைப் பூட்டி வைக்கக் கூடாது.

அந்த நிரலின் உயிர் ஒரு பட்டியலில் இருந்தது. பழைய எழுத்துருக்களில் 'ள' என்ற எழுத்தும், 'மௌனம்' என்று எழுதும்போது 'ம'வுக்குப் பின்னால் வருகிற அந்த வாலும் ஒரே சாவி. மனிதக் கண் வெள்ளத்தை வெள்ளம் என்றும், மௌனத்தை மௌனம் என்றும் படித்துவிடும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று மௌனம் உடையும், இல்லை வெள்ளம் உடையும். ஆகவே எந்தெந்தச் சொல்லில் அது வால் என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆறு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் நின்றபடி தொலைபேசியில் புள்ளியக்கா சொல்லச் சொல்ல, வேறொரு ஊரிலிருந்த நாத்தனார் அடித்தாள். நானூற்றுப் பதினேழு சொற்கள். பட்டியலின் தலைப்பில் புள்ளியக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'இப்பட்டியல் பிழையற்றது.' அதோடு சரி. நிரலுக்குள் அவள் எட்டிப் பார்த்ததில்லை. "அந்தப் பக்கம் பூரா அடைப்புக்குறிடி, தலை சுத்துது" என்பாள்.

இப்போது ஒரு நிறுவனம் இதே வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தர வரைவு எழுதிக் குழுவிடம் கொடுத்திருந்தது. அது நிறைவேறினால் அலுவலகங்களும் நூலகங்களும் அந்த நிறுவனத்தின் நிரலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னேற்பாடாகத் திங்கட்கிழமை ஒரு அறிவிப்பு வந்தது: ஒட்டடைக்கம்பில் உள்ள பட்டியல் தங்களுடைய பன்னிரண்டு வருட ஆய்வின் நகல், உடனே நீக்க வேண்டும். நிரல் இருந்த இணையதளமும் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கிவிட்டது. பதினொரு வருட வேலை இருந்த பக்கத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி மட்டும்.

"ரெண்டு பட்டியலும் ஒண்ணுதான்னு காட்டுவோம்டி. முடிஞ்சுபோச்சு."

"அதுக்குத்தான் பதில் போட்டுட்டாங்களே. அகராதியில இருக்கிற சொல் யார் தொகுத்தாலும் ஒண்ணாத்தான் இருக்கும், வாய்ப்பாடு மாதிரின்னு. எங்களுது பழசு, உங்களுது நகல்னு."

"ஈரெட்டு பதினாறு இவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"அதையேதான் அவங்களும் நம்மளைக் கேக்கறாங்க அண்ணி."

புள்ளியக்காவுக்கு இன்னும் கோபம் வந்தது. நிறுவனத்தின் பட்டியல் அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. வாசலில் கொடுத்த அந்தத் தாள்கட்டை மடியில் போட்டுக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு சொல்லாகக் குத்திக்கொண்டே போனாள். படிப்பதுபோல இல்லை, அடிப்பதுபோல இருந்தது. சட்டென்று பேனா நின்றது.

"பாருடி! பாரு இவனுங்க பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சி லட்சணத்தை! 'பௌங்கிடுச்சு'ன்னு ஒரு சொல்லாம்! எந்த உலகத்துல இருக்கு இந்தச் சொல்? இவனுங்கதான் என்னைத் திருடிங்கிறானுங்க!" தாள் கிழிகிற மாதிரி இரண்டு வட்டம் போட்டாள்.

நாத்தனாரின் விரல்கள் மடிக்கணினி மேல் அப்படியே நின்றன.

"அண்ணி. ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது."

"கத்தாம எப்படி இருக்கிறதுன்னு முதல்ல நீ சொல்லு."

"அது நம்ம பட்டியல்லயும் இருக்கு."

"எது?"

"அதான். வட்டம் போட்டீங்களே."

"எப்படிடி இருக்கும்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

"பௌதிகம்னீங்க, அடிச்சேன். பௌத்தம்னீங்க, அடிச்சேன். அப்புறம் திடீர்னு ஏதோ பெருசாச் சொன்னீங்க, அதையும் அடிச்சேன். அப்புறம் பௌர்ணமி."

புள்ளியக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! அது பால் பொங்கிடுச்சுன்னு உங்க அண்ணனைக் கூப்பிட்டதுடி!"

"ஒரு மணி நேரமா பௌ, பௌ, பௌன்னு அடிச்ச கை அண்ணி. நீங்க வேற அவ்வளவு அழுத்திச் சொன்னீங்க. முக்கியமான சொல் போலன்னு நினைச்சேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டாவது வருஷம் கண்ணுல பட்டுச்சு."

"ஒன்பது வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"ஒரு ஒற்றுக்காக முதலாளியையே மெஷினை நிறுத்த வச்சவங்க நீங்க. உங்ககிட்ட வந்து உங்க பட்டியல்ல பிழைன்னு சொல்ல எனக்கென்ன ரெண்டு உசுரா? யாரும் அப்படி எழுதப்போறதில்ல, யாருக்கும் கெடுதல் இல்லன்னு விட்டுட்டேன்."

புள்ளியக்கா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாட்டில் யார் போட்டாலும் ஈரெட்டு பதினாறுதான். ஆனால் இரண்டு பேர் வாய்ப்பாட்டிலும் ஈரெட்டு பதினேழு என்று இருந்தால்? அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் சாட்சி இருக்கிறது. அதை உள்ளே சொல்ல வேண்டுமானால், 'பிழையற்றது' என்று தான் எழுதிக்கொடுத்த பட்டியலில் பிழை இருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

கதவு திறந்தது. "அடுத்து நீங்க."

நீள மேசையின் ஒரு முனையில் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்கு இடப்பக்கம் பொது நூலகத்து அம்மா. வலப்பக்கம் நிறுவனத்தின் ஆள். சட்டை, முகம், சிரிப்பு மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பார்த்த நொடியிலேயே புள்ளியக்கா அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் அம்மா" என்றார் தலைவர்.

"ரெண்டு போதும். தம்பி, உங்க பட்டியல்ல இருநூத்தி எண்பத்தாறாவது சொல்லை வாசிங்க."

இஸ்திரி பக்கத்தைப் புரட்டினார். "பௌங்கிடுச்சு."

"அப்படின்னா என்ன?"

அவர் தண்ணீர் குடித்தார். "அது ஒரு பழைய வழக்கு."

"எவ்வளவு பழசு?"

"இடைக்காலம். எங்க மொழியியல் குழு சரிபார்த்து உறுதிப்படுத்தின சொல்."

"பொருள்?"

"சூழலைப் பொறுத்து மாறும்."

நூலகத்து அம்மா இருமினாள். அது இருமல்தானா என்று சொல்ல முடியாது.

"சூழலை நான் சொல்றேன்" என்றாள் புள்ளியக்கா. பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். பக்கத்தில் நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பிழை. என் பட்டியல்ல இருக்கிற பிழை. பிழையே இல்லன்னு தலைப்புல எழுதினவளும் நான்தான்." அதைச் சொன்னபோது குரல் ஒரு படி இறங்கியது. அடுத்த வரியில் ஏறிக்கொண்டது. "பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, நான் போன்ல சொல்ல இவ அடிச்சா. நடுவுல என் அடுப்புல பால் பொங்கிடுச்சு. கத்தினேன். அதையும் இவ அடிச்சுட்டா. இதுதான் உங்க இடைக்காலம்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க!" மேசையில் கை விழுந்த வேகத்தில் தம்ளர்கள் குலுங்கின. "ஒருத்தன் என் வீட்டுப் பாலை எடுத்துட்டுப் போய், ஆடையைக்கூட எடுக்காம தன் பாலுன்னு விக்கிறான். என்னையே திருடிங்கிறான். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒரு நிமிடம்" என்றார் இஸ்திரி. "சொற்களைத் திரட்டியது எங்கள் தானியங்கி அமைப்பு. இணையத்தில் பொதுவாகக் கிடைப்பதை எடுத்திருக்கலாம். அறிவிப்பும் தானாகவே போனதுதான். தனிப்பட்ட முறையில் யாரும்..."

"எடுத்தது மெஷின். நோட்டீஸ் விட்டது மெஷின். அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க, மெஷினுக்குத் துணைக்கா?"

"சொல்லுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது அம்மா."

"அதைத்தானே நான் பதினொரு வருஷமா சொல்றேன்! கொண்டாடினது யாரு?"

நூலகத்து அம்மா தன் கணினியைத் தலைவர் பக்கம் திருப்பினாள். "எங்ககிட்ட ஒட்டடைக்கம்போட முதல் பதிப்பு இருக்கு சார். எடுத்து வச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க, எடுத்து வச்சுக்கிட்டோம். கோப்போட தேதியைப் பாருங்க. பௌதிகம், பௌத்தம், பௌங்கிடுச்சு, பௌர்ணமி. அங்கயும் இதே வரிசை. 'ங'வுக்கு அப்புறம்தானே 'த' வரணும்? அகர வரிசைப்படிகூட மாத்தி அடுக்கல."

தளத்திலிருந்து தூக்கினால் நிரல் போய்விடும் என்று நினைத்தவர்கள், அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கணக்கெடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்ததை யார் பறிக்க முடியும்?

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "இது கொஞ்சம் சிக்கலான விஷயம். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, சுமுகமா..."

"இரு தரப்பா?" புள்ளியக்கா எழுந்தாள். "சார், எழுத்துக்குக் கொம்பு இருந்தா பக்கத்துல துணையெழுத்துப் போட்டுச் சரிக்கட்டலாம். மனுஷனுக்குக் கொம்பு முளைச்சா சரிக்கட்டக் கூடாது, வெட்டணும். எடுத்ததுக்கு எனக்குக் கோபமில்ல. கதவே வைக்காத வீடு அது. யார் வேணா வரலாம், போகலாம். உள்ள வந்தவன் கதவு செஞ்சு மாட்டி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்புல சொருகிக்கிட்டு, எங்களை வெளியே போங்கிறான். அவனோட உட்கார்ந்து நான் என்னத்தைப் பேசறது?"

"இந்தப் பட்டியல் இருக்கிற வரைக்கும் நூலகம் வாக்களிக்காது" என்றாள் நூலகத்து அம்மா. மேசையின் மறுமுனையில் இருந்த கணக்கெடுப்புத் துறைக்காரரும் கையைத் தூக்கி, தானும் அப்படியே என்றார்.

அரை மணி நேரத்தில் நிறுவனத்தின் வரைவு திரும்பப் பெறப்பட்டது. "அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக நாளை மின்னஞ்சல் வரும்" என்றார் இஸ்திரி.

"இப்பவே. தாள்ல. நான் பார்த்துட்டுத்தான் போவேன்."

தாள் வந்தது. புள்ளியக்கா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். 'அறிவிப்பைத் திரும்ப பெற்று கொள்கிறோம்' என்ற வரியில் இரண்டு ஒற்று இல்லை. திருப்பி அனுப்பினாள். மறுபடி வந்தது. 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அந்த வரியின் குறுக்கே கோடு போட்டாள்.

"சிரமம் இல்ல தம்பி. பொய். 'சொன்ன பொய்க்கு வருந்துகிறோம்'னு போடுங்க."

"அப்படிப் போட எனக்கு அதிகாரம் இல்லை."

"நோட்டீஸ் விட மட்டும் இருந்துச்சோ?"

கடைசியில் 'தவறான குற்றச்சாட்டுக்கு' என்பதில் வந்து நின்றார்கள். மூன்றாவது தாளில் இஸ்திரி கையெழுத்துப் போட்டபோது சட்டையின் கைமடிப்புக் கலைந்திருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. நாத்தனார் மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். சாம்பல் பெட்டி இன்னும் போகவில்லை. "கடிதத்தைத் தளத்துக்கு அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும்" என்றாள்.

"வந்ததும் அந்தச் சொல்லை எடு."

"அண்ணி! அதனாலதானே ஜெயிச்சோம்? அதுதானே நம்ம சாட்சி?"

"சாட்சி சொல்லி முடிச்சாச்சு. பிழை பிழைதான். தலைப்புல இருக்கிற 'பிழையற்றது'ங்கிற வரியையும் எடுத்துடு." இதைச் சொல்லும்போது அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரின் விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு புள்ளி இல்லை.

"எடுத்தா காரணம் எழுதணும். யார் எதை ஏன் மாத்தினாங்கன்னு எல்லாரும் படிப்பாங்க." நாத்தனார் தட்டத் தொடங்கினாள். "'பௌங்கிடுச்சு நீக்கம். காரணம்: சொன்னவர் பிழை.'"

"சொன்னவரா? கேட்டவர் பிழைன்னு போடுடி!"

"கத்தினது யாரு?"

"பொங்கினா கத்தாம? உங்க அண்ணன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு அடுப்பை அணைக்காம பேப்பர் படிச்சுட்டிருந்தாரு. அவரைப் போடு!"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அழித்துவிட்டு, அடித்து, படித்துக் காட்டினாள்: "'காரணம்: அடுப்பை அணைக்காதவர் பிழை.'"

புள்ளியக்கா திரையை அருகில் இழுத்து ஒருமுறை பார்த்தாள். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.

"ம். அனுப்பு."