வலது பக்கத்து பீப்

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவள். வார்டில் படுத்துக்கொண்டும் கூவினாள். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், தூக்கமே வரல" என்று பக்கத்துக் கட்டில்காரி வந்த நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், கழுத்துல என்ன வேணா வெட்டிக்கட்டும். குரல்ல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லு. அதுதான் எனக்குச் சோறு போடுது."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று எரிந்து விழுந்தேன்.

தைராய்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நூல் போல ஒரு நரம்பு ஓடுகிறது. குரல்நாணை அசைப்பது அதுதான். டாக்டர் மெல்லிய கம்பியால் தொட்டால் மெஷின் 'பீப்' என்னும். நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்குத் தைராய்டில் பெரிய கட்டி. இடது பாதியை இழுத்துப் பிடித்து எடுத்து முடித்ததும் டாக்டர் அந்தப் பக்க நரம்பைத் தொட்டார். சத்தமே இல்லை.

நரம்பு கண்ணுக்கு முழுசாகத்தான் இருந்தது. "மறுபடியும் மக்கர் பண்ணுது சனியன்" என்றார். எங்கள் மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும் என்று பெயர். நானும் வழக்கம்போல அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். வயரெல்லாம் சரி. மயக்க டாக்டர், சிக்னலைப் பிடிக்கும் தொண்டைக் குழாயைப் பார்த்தார், அதுவும் சரி.

"விடுங்க, வலது பக்கத்தையும் எடுத்துடுவோம்" என்றார் டாக்டர்.

"எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்க நரம்பத் தொட்டுப் பாருங்க சார்" என்றார் மயக்க டாக்டர்.

தொட்டார். பீப். கணீரென்று கேட்டது.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. என் கை தன் பாட்டுக்குக் கத்தரிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. "இதோட மூடிடலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் அவள் என்னைத் திட்டினாள். வெறும் காற்றுதான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பாதிய... ஏன் விட்டீங்க?"

"இடது நரம்பு அடிபட்டிருச்சும்மா. வலதும் போயிருந்தா மூச்சே விட முடியாது. அதான் தொடல."

"குரல்?"

"சில மாசத்துல வரலாம். வராமலும் போகலாம்."

என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை முழுசாகத் திறந்து சந்தையில் கூவுகிற மாதிரி கூவினாள்.

பக்கத்துக் கட்டில்காரி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.