சின்ன ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பாக்

தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, லண்டன் லூயிஷாமில் தக்ஷிகா வேலை செய்கிற கடைக்குள் அவளுடைய அக்காவின் புருசன் பாலேந்திரா அத்தான் நுழைந்தபோது, மனுசன் கடை மாறி வந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அது மலையேறுகிறவர்களுக்கும் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை. அத்தானோ ஐப்பசி பிறந்ததுமே கழுத்தில் மப்ளர் சுற்றுகிறவர். நோர்பரி வீட்டு ஹீட்டரை இருபத்துமூன்றுக்குக் கீழே இறக்கினால் யார் இறக்கியது என்று விசாரணை வைக்கிறவர்.

அவர் கூடாரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மைனஸிலை வெளியிலை படுக்கிறதெண்டால் என்னென்ன வேணும்?"

"ஆருக்கு அத்தான்?"

"எனக்குத்தான். ஏன், நான் படுக்கேலாதோ?" சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்துக்குப் புதிது. "அக்காவுக்கு இப்ப சொல்லாதையும்."

தக்ஷிகாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறைத்தது. அவளுடைய சொந்தக் கலியாணமும் இப்படி ஒரு "சொல்லாதை"யில்தான் முடிந்திருந்தது. அவள் புருசனிடம் இரண்டாவது போன் ஒன்று இருப்பது அவனுடைய சிநேகிதர்கள் எல்லோருக்கும் தெரியும்; அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது நடந்து இரண்டு வருசமாகிறது. அன்றிலிருந்து ஆண்பிள்ளை குரலைத் தாழ்த்தினாலே அவளுடைய காது நிமிர்ந்துவிடும்.

ஆனாலும் வேலை வேலைதான். அவருக்கேற்ற நீளத்தில், இறகு அடைத்த தடித்த ஸ்லீப்பிங் பாக் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். குளிர் மேலேயிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் கூடுதலாக ஏறும், அதனால் கீழே விரிக்கிற காற்றடைத்த பாய்தான் முக்கியம் என்றாள். காலில் போட்டு நடந்த மேசோடு படுக்கக் கூடாது, அது வியர்த்து ஈரமாக இருக்கும், படுக்க என்று உலர்ந்த கம்பளி மேசு ஒரு சோடி வேறாக வைக்க வேண்டும் என்றாள். என்ன குளிரானாலும் காஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டார்.

அடுத்த கிழமை வந்து பாய் வாங்கினார். ஒன்றல்ல, இரண்டு.

"ரெண்டாவது ஆருக்கு?"

"வேலையிடத்து ஆள் ஒராளும் வாறார்," என்றார் அவர், அடுப்புகளைப் பார்த்தபடி.

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் கடை வாசலுக்குப் போய்விட்டார். கதவு திறந்து மூடும்போதெல்லாம் துண்டு துண்டாகக் கேட்டது. "பயப்பிடாதேங்கோ... நான் பக்கத்திலைதானே இருக்கப் போறன்... இல்லையில்லை, அவைக்குத் தெரியாது." திரும்பி வந்தவர் கையுறைப் பக்கம் போய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சோடியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தார். பெண்களுக்கானது. அதிலும் ஆகச் சின்ன அளவு.

வேலையிடத்து ஆள் என்று தக்ஷிகா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆளுக்குக் கை சின்னன்.

அவர் போகும்போது முகாம் இடத்துக்குப் பதிந்த தாளை நீட்டி, அங்கே அடுப்பு மூட்ட விடுவார்களா என்று பார்க்கச் சொன்னார். சிங்ஃபோர்டுக்குப் பக்கத்தில், எப்பிங் காட்டோரம் ஒரு சின்ன முகாம். சனிக்கிழமை ஓர் இரவு. இரண்டு பேர். அவள் முகாமின் பெயரையும் திகதியையும் மனதில் பதித்துக்கொண்டு, "ஓம், வெளியிலை மூட்டலாம்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் நோர்பரிக்குச் சாப்பிடப் போனாள். சாப்பிடுவதற்கல்ல, பார்ப்பதற்குத்தான் போனாள். அத்தான் நண்டுக் குழம்பைப் பிசைந்தபடி உற்சாகமாக இருந்தார். அக்கா அஜந்தாவும் உற்சாகமாகத்தான் இருந்தாள்.

"இவருக்கு வாற சனி பேர்மிங்ஹாமிலை ஒரு ட்ரெயினிங்காம்," என்றாள் அக்கா. "எனக்கும் ஷிப்ட். நல்லகாலம், அம்மாவும் வெஸ்ட் ஈலிங்குக்குப் போறா. அம்மன் கோயிலிலை ஏதோ விசேஷமாம், ருக்குமணி அன்ரி வீட்டிலை நிண்டிட்டு ஞாயிறு வருவா. இல்லாட்டி இவவைத் தனிய விட்டிட்டுப் போகேலாது."

அம்மா அப்பளத்தை நொறுக்கினாள். போன வருசம் மாடிப்படியில் அவள் விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் அவளைப் பற்றி இப்படித்தான் பேச்சு: பக்கத்தில் இருந்தாலும் "இவவை." வீட்டு வாசலுக்குள்ளே சின்னக் கமரா ஒன்று பூட்டியிருந்தது. அம்மா கதவைத் திறந்தால் அக்காவின் போனிலும் தக்ஷிகாவின் போனிலும் மணி அடிக்கும். அதைப் பூட்டக் கடையில் தெரிவுசெய்ததே தக்ஷிகாதான்.

"பேர்மிங்ஹாம் இப்ப குளிரோ அத்தான்?" என்று கேட்டாள் தக்ஷிகா.

"ஹோட்டல்தானே, குளிராது," என்றார் அவர், கண் தூக்காமல்.

சமையலறையில் கோப்பை கழுவும்போது அக்காவிடம் சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? இரண்டு பாயும் ஒரு சோடிக் கையுறையும். தன் கலியாணத்திலும் அவள் அவசரப்பட்டுத்தான் கேட்டாள். அவன் அழகாகப் பொய் சொல்லி இன்னும் ஆறு மாதம் இழுத்தான். இந்தத் தடவை முழுசாகப் பிடித்துக்கொண்டுதான் வாய் திறப்பது என்று முடிவெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் கடைசியாக ஒருமுறை வந்தார்.

"இன்னொரு ஸ்லீப்பிங் பாக் வேணும். சின்ன ஆள். ஐஞ்சடி வராது. நீளம் கூடினால் உள்ளுக்குச் சூடு நிக்காதெண்டு நீர்தானே சொன்னனீர்."

அவருடையதைப் போலவே தடித்த இறகுப் பாக், சின்ன அளவில், பின்னறையில் ஒன்று இருந்தது. தக்ஷிகாவுக்கு அது இருக்கிற தட்டு கூடத் தெரியும்.

"சின்ன அளவிலை அது முடிஞ்சுது, அத்தான்," என்றாள். "இதுதான் இருக்கு." கோடையில் இசைவிழாக்களுக்குப் போகிற பெட்டைகள் வாங்குகிற மெல்லிய பாக் ஒன்றை மேசையில் வைத்தாள்.

அவர் அதன் சிட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் மூன்று எண்கள் இருந்தன. முதலாவது, நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய வெப்பநிலை: எட்டுப் பாகை. கடைசி எண் மைனஸ் ஏழு. அந்தக் குளிரில் ஆள் சாகாமல் விடியும் வரை கிடக்கலாம், அவ்வளவுதான் அதன் அர்த்தம். கடையில் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

"மைனஸ் ஏழு எண்டு போட்டிருக்குது. அப்ப காணும் என்ன?"

"ஓம். போட்டிருக்குதுதானே."

பொய் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விறைக்கட்டும். அக்காவின் புருசனோடு காட்டுக்குப் போகிறவள் ஓர் இரவு பல்லுக் கிட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் வந்தவர்கள் எல்லோரும் கையுறையும் தொப்பியும்தான் கேட்டார்கள். மத்தியானம் போனில் வானிலையைப் பார்த்தாள். நகரத்துக்குள் மைனஸ் இரண்டு, எப்பிங் பக்கம் மைனஸ் ஐந்து. மூன்று மணிக்கு இன்னொருதரம் பார்த்தாள். மைனஸ் ஆறு என்று மாறியிருந்தது. அதற்குப் பிறகு அவளால் கல்லாவில் நிற்க முடியவில்லை. சின்ன ஆள். ஐஞ்சடி வராது. உடம்பு சின்னதென்றால் சூடு கெதியாக இறங்கும். நடுக்கம் நின்றுபோவதுதான் ஆபத்தான கட்டம், அந்த நேரத்தில் ஆளுக்கே தெரியாது. இதையெல்லாம் எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்! அத்தானின் போனுக்கு எடுத்தாள். அணைத்து வைத்திருந்தார்.

ஐந்து மணிக்குக் கடை பூட்டியதும் பின்னறைத் தட்டிலிருந்த தடித்த பாக்கைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, சிங்ஃபோர்டு ரயிலில் அதை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு இருந்தாள். காப்பாற்றப் போகிறேனா, பிடிக்கப் போகிறேனா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பும் அவளுக்குள் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

முகாமில் நாலைந்து கூடாரங்கள்தான். ஏழரை மணிக்கே புல் மொறுமொறு என்றது. கடைசிக் கூடாரத்தின் முன்னால் அத்தான் கைகளை விரித்தும் சேர்த்தும் துள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய தோளைச் சுற்றி அந்த மெல்லிய பாக், சின்னப் பிள்ளையின் போர்வை மாதிரி இடுப்போடு நின்றது. உதடு வெளுத்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பெண் உருவம்.

தக்ஷிகா போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய்க் கூடாரத்தின் வாய்த்திரையைச் சடாரென்று விலக்கினாள்.

அவருடைய நீளமான தடித்த பாக்குக்குள் கழுத்துவரை புதைந்து, கத்தரிப்பூக் கையுறையோடு, ஒரு பிளாஸ்க் மூடியில் ரசம் குடித்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"நீயோ?" என்றாள் அம்மா. "கமரா இஞ்சையும் பூட்டியிருக்கிறியளோ?"

தக்ஷிகா புல்லிலேயே இருந்துவிட்டாள். அத்தான் துள்ளுவதை நிறுத்தினார்.

"மாமியை ஏசாதையும்," என்றார் அவர், பல்லுக் கிட்டியபடி. "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். மாமியோடை பார்க்கிலை நடக்கிற பொம்பிளையள் எல்லாரும் பனிக்குளிரிலை ஒருநாள் படுத்தெழும்பினவையாம். மாமிக்கும் ஆசை. அஜந்தாட்டைக் கேட்டாவாம், பைத்தியமோ எண்டு கேட்டிருக்கிறா."

"உன்னட்டையும்தான் கேட்டனான்," என்றாள் அம்மா. "கடையிலை நிக்கிறனீ, ஒரு பாக் எடுத்துத் தாவன் எண்டு. நீ சிரிச்சாய். மருமோன்தான் சிரிக்கேல்லை."

தக்ஷிகாவுக்கு நினைவில்லை. சிரித்திருப்பாள்.

"ஏன் அத்தான் உங்கடை பாக்கை அம்மாவுக்குக் குடுத்தனீங்கள்?"

"இது சரியில்லை. மாமி உள்ளை பூந்து பத்து நிமிசத்திலை நடுங்கத் துவங்கிட்டா. மைனஸ் ஏழு எண்டு போட்டிருக்கு, ஆனால் காத்து மாதிரிக் கிடக்கு. நாளைக்கு உம்மட்டைக் காட்டிக் கேப்பம் எண்டு இருந்தனான்."

அவர் அவளைச் சந்தேகிக்கவேயில்லை. கொண்டுவந்த தடித்த பாக்கை அவள் அவர் பக்கம் தள்ளினாள். அதன் சின்ன அளவைப் பார்த்ததும்தான் அவருடைய முகம் மெல்ல மாறியது.

"முடிஞ்சுதெண்டு சொன்னனீர்?"

அவள் சொன்னாள். போன் பேச்சைக் கேட்டதையும், கையுறையையும், பேர்மிங்ஹாமையும், சிட்டையின் கடைசி எண்ணையும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிந்ததும் அத்தான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்து போனார்.

அம்மாதான் பேசினாள். "வேறை ஆரோ பொம்பிளை எண்டுதானே நினைச்சனீ?"

"ஓம் அம்மா."

"அப்ப அவள் விறைச்சுச் செத்தால் பரவாயில்லையோ?"

"அதுக்குத்தானே வந்தனான்..."

"நேற்று வித்தனீ. இண்டைக்கு வந்தனீ. இடையிலை ஒரு இரவு நல்லாத்தானே படுத்தனீ."

தக்ஷிகா அம்மாவைச் சின்னப் பாக்குக்கு மாற்றி, கழுத்துக் கயிற்றை இழுத்துக் கட்டி, உலர்ந்த மேசு போட்டுவிட்டாள். வெளியே அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் பையை நிரப்பி அம்மாவின் காலடியில் வைத்தாள். அத்தான் திரும்பி வந்து தன்னுடைய பாக்குக்குள் நுழைந்தார். போகத்தான் அவள் எழும்பினாள்.

"இந்த இருட்டிலை எங்கை போறியள்? உள்ளை வந்து படுங்கோ," என்றார் அவர், மறுபக்கம் திரும்பியபடி.

போறியள். படுங்கோ. பதினொரு வருசமாக "நீர்" என்று உரிமையோடு பேசியவர். யாரோ ஒரு வெளியாளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. அவர் ஏசியிருந்தாலும் இந்தளவு வலித்திருக்காது.

மிஞ்சியது மெல்லிய பாக்தான். ஜாக்கெட்டோடும் தொப்பியோடும் அதற்குள் கிடந்தாள். குளிர் முதலில் இடுப்புக்கும், பிறகு முழங்காலுக்கும், பிறகு எங்கே என்று சொல்ல முடியாதபடியும் ஏறியது. தான் வாயால் விளக்குகிற எல்லாவற்றையும் அன்றுதான் அவள் உடம்பால் படித்தாள். எப்போதோ இருட்டில் ஏதோ சூடாக அவள் முழங்காலில் முட்டியது. அம்மா காலால் சுடுதண்ணிப் பையை அவள் பக்கம் உருட்டி விட்டிருந்தாள்.

விடிந்தபோது அம்மாவின் பாக் வெறுமையாக இருந்தது. பதறி எழும்பித் திரையை விலக்கினாள். புல்வெளி முழுக்க வெள்ளை. அம்மா கேத்திலோடு குழாயடியில் தனியாக நின்று, உறைந்திருந்த குழாயைக் கையுறையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடத் திறந்த வாயைத் தக்ஷிகா மூடிக்கொண்டாள்.

அக்காவிடம் அன்று பின்னேரமே எல்லாம் சொன்னார்கள். அவள் மூன்று பேரோடும் பத்து நாள் கோபமாக இருந்தாள். பிறகு கமராவைக் கழற்றுவதா என்ற சண்டை வந்தது. அம்மாதான் கதிரையில் ஏறிக் கழற்றப் போனாள். பயந்துபோய் அக்காவே கழற்றிக் கொடுத்தாள். மாசியில் அம்மா பார்க் பெண்களோடு இன்னொருதரம் போனாள்.

அத்தான் இப்போதும் கடைக்கு வருவார். காஸ் வாங்குவார், அம்மாவின் பாய் காற்று இறங்குகிறது என்று காட்டுவார், சிரிக்கவும் செய்வார். ஆனால் "பாத்துச் சொல்லுங்கோ, தக்ஷிகா" என்றுதான் கேட்கிறார். பழையபடி "நீர்" என்று மாற்றச் சொல்லி அவள் இன்னும் கேட்கவில்லை. பாயைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்து, ஒட்டிக் கொடுக்கிறாள்.