பெட்டி வைத்த சலாம்

லெட்சுமணனுடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது ஒரு கிளை அவன் மேற்கையில் விழுந்தது. முறிந்த எலும்பு கூடிவிட்டது; கை மட்டும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கழுத்தைத் திருகிப் போட்ட கோழியின் தலை மாதிரி அது ஆடுவதைப் பார்த்தால் அவனுக்கே குமட்டியது. சாப்பிடும்போது அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வான்.

பால்வெட்டுக் கத்தி பிடிக்காதவனைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது, கப்பலேற்றிவிடும். ஊரில் அவனுக்கென்று ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஜெயபாலன், "புதுசா கரண்டுப் பெட்டி வந்திருக்குடா, கையைக் கொண்டா" என்றபோது மறுபேச்சில்லாமல் நீட்டினான்.

தேக்குப் பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பிகள், கம்பி முனையில் பஞ்சு. புண் கழுவுகிற அதே பீங்கானில் உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சை முக்குவார் டிரசர். அதில் யாருடைய சீழோ நாறும். பஞ்சு முழங்கைக்குக் கீழே பட்டதும் கட்டெறும்புக் கூட்டம் தோலுக்குள் புகுந்த மாதிரி சுருக்கென்றது. டிரசர் பெட்டிமேல் இருந்த பித்தளைச் சாவியை முழுக்க அழுத்த, கை விசுக்கென்று நிமிர்ந்து விரல்களை விரித்தது. சாவியை விட்டார், கை தொப்பென்று விழுந்தது. சீனன் கடையில் தோலுரித்த தவளைத் தொடைக்கு உப்புப் போட்டால் இப்படித்தான் துள்ளும். லெட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நரம்பு திரும்புற வரைக்கும் சதை சாகக் கூடாது. தினமும் போடணும். மூணு மாசம் பொறு" என்றார் டிரசர்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் விருந்தாளிகள் மோட்டார் காரில் வந்தார்கள். டிரசர் அவனைக் குளித்து வரச் சொல்லி, மேசைமேல் முழங்கையை ஊன்ற வைத்து, நெற்றிக்கு நேராக மணிக்கட்டு வரும்படி உட்கார்த்தினார். சாவியை அழுத்தினார். கை நிமிர்ந்து துரைக்குச் சலாம் வைத்தது.

வெள்ளைக்காரிகள் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். நாலு சலாம். துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். "கை நல்லா ஆச்சு. நாளைக்கிப் பெரட்டுக்கு வா" என்றார்.

"பெட்டி இல்லாம தூக்காதுங்க தொரை" என்றான் லெட்சுமணன். துரை அதற்குள் காரைப் பார்த்து நடந்துவிட்டார். டிரசருக்குத் தெரியாதா? தெரியும். குனிந்து பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார்.

வாசலில் நின்ற கங்காணி சின்னத்தம்பிதான் பதில் சொன்னார். "தொரையைக் கண்டு தூக்குற கை மரத்தைக் கண்டா தூக்காதோ? சோம்பேறிங்க எத்தனை பேரைப் பாத்தாச்சுலா."

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றான். அவன் மனைவி அங்கம்மா கத்தியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டிருந்தாள். முதல் மரத்திலேயே கத்தி வழுக்கிப் பட்டையைத் தாண்டி உள்மரத்தைக் கிழித்தது. பால் அடியில் கட்டிய மங்குக் கோப்பைக்கு வராமல் மரமெல்லாம் வழிந்தது.

"அலமாக், மரத்தைக் கொன்னுட்டியேடா" என்று கங்காணி வெற்றிலையைத் துப்பினார். "இடக்கையால புல்லு புடுங்கு போ. தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறமும் கத்தி பிடிக்கலேன்னா கப்பல்தான்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். டிரசர் கதவிலேயே மறித்தார்.

"உன் பேருக்கு நேரா நல்லாயிட்டான்னு எழுதியாச்சு. நல்லாயிட்டவனுக்கு வைத்தியம் பண்ணா தொரை என்னைக் கேப்பாரு."

"ஐயா, கை செத்துப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க."

டிரசர் மோவாயைத் தேய்த்தார். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை விருந்தாளி வருவாங்க. சலாம் வைக்கப் பழக்குறேன்னு சொல்லித் தினமும் போட்டு விடுறேன். வர்றியா?"

அன்றைக்கு ராத்திரி இதைக் கேட்ட அங்கம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "வேணாங்க. லயத்து வீடுங்கள்ல பொடிசுங்ககூட மணிக்கட்டை ஆட்டிக் காட்டுதுங்க."

"மொண்டிக் கையோட கப்பலேறட்டுமா? ஊர்ல போய் நீ எனக்குப் பிச்சை எடுத்துப் போடுவியா?"

 அவன் போகாமல் இருக்கவில்லை. தினமும் அந்த நாற்றம், அந்த எறும்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பவுடர் வாசனையும் சிரிப்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. விருந்தாளிகள் இன்னும் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கையை ஊன்றி உட்கார்ந்த லெட்சுமணன், எப்போதும் போலக் கையைத் தூக்கிப் பார்க்க முயன்றான். பஞ்சு பீங்கானில் கிடந்தது. கை ஓர் அங்குலம் எழும்பியது. நடுக்கத்தோடு நின்றது. அது துள்ளல் இல்லை. அவன் தூக்கினான், அது வந்தது.

டிரசரும் பார்த்துவிட்டார். சட்டென்று கட்டைவிரலால் அந்தக் கையை அமுக்கிக் கீழே இறக்கினார். "இப்ப வேணாம்டா, தொங்க விடு" என்று காதோரம் சொன்னார்.

துரை உள்ளே வந்தார். லெட்சுமணன் நினைத்தால் இப்போதே காட்டலாம், இது என் கை, நானே தூக்குகிறேன் என்று. காட்டினால் வேடிக்கை தீர்ந்தது என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஓர் அங்குலத்தைக் கொண்டு பால் வெட்ட முடியாது.

அவன் கையைத் தொங்கவிட்டான். யாரும் அமுக்கவில்லை, அவனேதான் விட்டான். 

ஈரப் பஞ்சு பட்டது. சாவி அழுந்த, கை எழும்பிச் சலாம் வைத்தது. ஒரு குட்டை வெள்ளைக்காரி கைதட்டிவிட்டு, இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினாள். லெட்சுமணன் முழங்கையை இன்னும் கொஞ்சம் பஞ்சுக்கு வாகாக நகர்த்தி வைத்தான்.